3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார்: போட்டுப் பார்த்த அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைந்து ஓடுகிற சோலார் போட்டு, ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்தாயிற்று. நல்ல பொருள், தைரியமாகப் போடலாம், ஆனால் எல்லா வீட்டுக்கும் தேவைப்படாது. கடைக்குப் போகும் முன் கடந்த ஒரு வருஷத்து ஈபி ரீடிங்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும், 500-ஐத் தாண்டிவிட்டால் நூறிலிருந்து இருநூறு வரை கிடைத்த மலிவு ரேட்டும் போய்விடும். 1 கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், அப்படியானால் 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 700 யூனிட் பக்கம் வரும். ஏசி, மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஓடி 700, 800 காட்டுகிற வீட்டுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் கணக்கில் முதலில் கழிவது விலை கூடிய அந்த மேல்படி யூனிட்டுகள்தான். பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்து 200-க்குள் முடிகிற வீடு என்றால் வேண்டவே வேண்டாம், போட்ட காசு திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். என் பெரியம்மா கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

விலை சந்தையில் 3 கிலோவாட்டுக்குச் சுமார் 2 லட்சம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம், அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்டிவிட வேண்டும், எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். இன்னொன்று, மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் தயாரான செல் வைத்த டிசிஆர் பேனல்தான் போட வேண்டும். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட ரொம்பக் குறைத்து விலை சொன்னால், அது டிசிஆரா என்று முதலில் கேளுங்கள். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

அப்புறம் பொருத்துகிற ஆட்கள். பேனலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, பெரிய கம்பெனி பேனல்கள் எல்லாவற்றுக்கும் 25 வருஷ உற்பத்தி உத்தரவாதம் இருக்கிறது, வித்தியாசம் கொஞ்சம்தான். ஒரு சோலார் நல்ல சோலாரா இல்லையா என்பது மாடியில் அதை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. எங்களுக்கு வந்தவர்கள் வேலை சுலபம் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பார்த்தார்கள், காலை பத்து மணி வரை தொட்டி நிழல் இரண்டு பேனல் மேல் விழும் என்று சொன்னால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள். ஆகும். பேனல்கள் வரிசையாகக் கோர்த்து, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற ஒரே இன்வர்ட்டருக்குப் போகின்றன, இரண்டில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுக்க அடி வாங்கும். விடாமல் நின்று தெற்குப் பார்த்து, நிழலே படாத இடத்துக்கு மாற்ற வைத்தேன். ஸ்டாண்டின் கால்களையும் ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குத் தூக்கச் சொன்னோம், அதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள், கொடுத்தது வீண் இல்லை, கீழே இப்போது துணி காய்கிறது, வத்தலுக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. எர்த்திங்கை ஒரே குழியில் முடிக்கப் பார்த்தார்கள். இடிதாங்கிக்கு ஒன்று, பேனலிலிருந்து வரும் டிசி மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இன்வர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஏசி மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று குழி தனித்தனியாக வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது.

உள்ளே வருகிற மின்சாரத்தையும் வெளியே போகிறதையும் தனித்தனியாக எண்ணுகிற இருவழி மீட்டர் மாட்டும் வரை சிஸ்டத்தை ஆன் பண்ண விடாதீர்கள். சாதாரண மின்னணு மீட்டர்களில் பல, வெளியே போகிற மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே எண்ணிவிடும்.

ஏப்ரல் மே வெயிலுக்குக் கொட்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டை வைத்துச் சொல்வது. மத்தியானம் பேனல் 60 டிகிரிக்கு மேல் காயும்போது உற்பத்தி கணிசமாகக் குறையும், வெளிச்சம்தான் மின்சாரம் தருகிறது, சூடு அதைக் குறைக்கிறது. எங்களுக்கு மாசி மாதம் நன்றாக வந்தது, ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடினால் சில நாள் பாதிகூட வராது. தூசி படிந்தாலும் குறையும், விடியற்காலையில் பேனல் சூடேறும் முன் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து பிறகு லேசில் போகாது.

ரொம்பப் பேர் ஏமாறுகிற இடம் கரண்ட் கட். ஆன்கிரிட்டில் ஈபி போனால், பட்டப்பகல் வெயிலிலும் சோலார் நின்றுவிடும். இது கோளாறு இல்லை, கம்பத்தில் லைன்மேன் வேலை செய்யும்போது நம் வீட்டு மின்சாரம் லைனில் ஏறி அவரை அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது. கட் ஆனாலும் சோலாரில் ஓட வேண்டுமென்றால் ஈபியோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் இன்வர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும், செலவு நன்றாகவே ஏறும். எங்கள் தெருவில் கட் குறைவு, ஃபேனுக்கும் லைட்டுக்கும் பழைய இன்வர்ட்டர் பேட்டரியே இருக்கிறது, அதனால் ஹைபிரிட் பக்கம் போகவில்லை. உங்கள் ஊரில் அடிக்கடி கட் ஆகிறது, வீட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது என்றால் ஹைபிரிட்டுக்கே போங்கள்.