ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும்: எந்த வழி யாருக்கு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய லேப்டாப்புகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் பார்ப்பது இயல்பு. ஆனால் கணக்கு எழுத டாலி வேண்டும், பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் செய்த பழைய அச்சுக் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்றால் விண்டோஸை ஒரேயடியாக விட முடியாது. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன: ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் நிறுவலாம், இரண்டாவது டிஸ்க் ஒன்றில் லினக்ஸைப் போடலாம், ஒன்றுக்குள் மற்றொன்றை விர்ச்சுவல் மெஷினாக (மென்பொருளால் ஆன கணினியாக) ஓட்டலாம், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் டபிள்யூஎஸ்எல் வசதியை வைத்துக்கொள்ளலாம்.

எது எளிது, எது வேகம் என்று ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வழியில் இரண்டு சிஸ்டமும் எதையெல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன? நிறுவி முடித்த பல மாதங்களுக்குப் பிறகு வரும் தொல்லைகள் பெரும்பாலும் அந்தப் பொது இடத்தில்தான் முளைக்கின்றன.

ஒரே டிஸ்க், இரண்டு சிஸ்டம்

தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு இது பழக்கப்பட்ட ஏற்பாடு. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இதன் பெரிய பலம், எந்தச் சிஸ்டத்தில் நுழைகிறீர்களோ அதற்கு முழு ரேமும் முழு பிராசசரும் முழு கிராபிக்ஸ் கார்டும் கிடைக்கும் என்பது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் மூச்சுத் திணறும். அங்கே லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நேரடியாக நிறுவினால் வேலை நடக்கும்.

பங்குபோடுவது என்னென்ன? முதலாவது, கணினி தொடங்கும்போது பார்க்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி). ஒண்டுக்குடித்தன வீட்டின் பொது வாசல் மாதிரி, இரண்டு சிஸ்டத்தின் பூட்லோடரும் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரலும்) அந்தச் சின்ன பார்ட்டிஷனில்தான் இருக்கும். விண்டோஸ் நிறுவும்போது அதைப் பொதுவாக 100 எம்பி அளவில்தான் உருவாக்குகிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு அது போதும். கெர்னலையும் (சிஸ்டத்தின் மையப் பகுதியையும்) அங்கேயே வைக்கும் பாப் ஓஎஸ் போன்றவற்றுக்குப் போதாது. மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள் (ஃபர்ம்வேர்) பழைய பயாஸாக இருந்த காலத்தில் விண்டோஸை மறுபடி நிறுவினால் டிஸ்க்கின் முதல் செக்டாரையே எழுதி அழித்துவிடும், லினக்ஸ் காணாமல் போகும். அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ வந்தபின் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது. இப்போது பெரும்பாலும் பூட் வரிசைதான் மாறும். செட்டப்பில் போய்த் திரும்ப மாற்றிவிடலாம். எப்படியானாலும் விண்டோஸை முதலில், லினக்ஸைப் பிறகு நிறுவுவதே நல்லது.

இரண்டாவது, கோப்புகள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி ஷட்டவுன் செய்தாலும் கணினியை முழுதாக மூடுவதில்லை, கெர்னலைப் பாதித் தூக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் விண்டோஸ் டிரைவில் எழுத மறுக்கும், படிக்க மட்டும் விடும். அது பழுதல்ல, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுகிறது. எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் குறுக்கு வழிகளை நாடாமல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, கடிகாரம். மதர்போர்டில் உள்ள நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரம் என்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் ஐந்தரை மணி பின்னால் நிற்பது இதனால்தான். ஏதாவது ஒன்றை மற்றதன் வழிக்கு மாற்றினால் சரியாகிவிடும். இரண்டையும் மாற்றினால் மறுபடி குழப்பம்.

டிஸ்க்கைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். அதற்கு முன் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் குறியாக்கம்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் நமக்குத் தெரியாமலேயே அது இயங்கியிருக்கக்கூடும். பூட் அமைப்பு மாறியதைக் கண்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமலும் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுக்காமலும் பார்ட்டிஷனைத் தொடவே கூடாது. இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சாவி இல்லாமல் அந்தக் கோப்புகளை யாராலும் மீட்டுத் தர முடியாது.

256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் தாராளமாகப் பிரிக்கலாம். உபுண்டுவுக்கு 25 ஜிபி குறைந்தபட்சம், 60 கொடுத்தால் நிம்மதி. 128 ஜிபியில் இந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்டேட்டுக்கு இடமில்லாமல் விண்டோஸ் திணறும்.

இரண்டாவது டிஸ்க்

லேப்டாப்பில் இன்னொரு எம்.2 ஸ்லாட்டோ, டெஸ்க்டாப்பில் சாட்டா இணைப்போ காலியாக இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். வாசல் தனித்தனி. பொதுவாக மிஞ்சுவது கடிகாரமும் ஃபர்ம்வேரும்தான். ஒரு எச்சரிக்கை: எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் பூட்லோடரை முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே கொண்டுபோய் வைக்கும் வழக்கம் உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலருக்கு இருந்தது. நிறுவும் நேரத்துக்கு விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றியோ பயாஸில் முடக்கியோ வைத்தால் இந்தக் கவலை இல்லை.

ஆனால் தனி டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் காக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பாதுகாப்பு ஓட்டை உள்ள, லினக்ஸின் பழைய கிரப் பூட்லோடர்களைத் தடுக்கும் கொள்கையைக் கணினியில் எழுதியது. இரண்டு சிஸ்டம் உள்ள கணினிகளுக்கு அது பொருந்தாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், பலருடைய லினக்ஸ் அடுத்த முறை பூட் ஆகவில்லை. அந்தக் கொள்கை எழுதப்பட்ட இடம் டிஸ்க் அல்ல, ஃபர்ம்வேர். அதனால் டிஸ்க்கைப் பிரித்து வைத்தவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் ஃபர்ம்வேர் வசதியை) தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் அந்தக் கொள்கையை நீக்கிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதற்காகச் செக்யூர் பூட்டை நிரந்தரமாக நிறுத்திவிடுவதும் எல்லோருக்கும் ஒத்துவராது. உபுண்டுவும் ஃபெடோராவும் செக்யூர் பூட்டோடு நன்றாகவே இயங்குகின்றன. மறுபக்கம், வாலரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-இல் அது இல்லாமல் ஓடாது.

விர்ச்சுவல் மெஷினும் டபிள்யூஎஸ்எல்லும்

விர்ச்சுவல் மெஷினில் டிஸ்க்கும் பூட்டும் பங்கில்லை. உள்ளே ஓடும் விருந்தாளி சிஸ்டம் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். பங்குபோடுவது ரேமை. 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம், 16 இருந்தால் வசதி. கிராபிக்ஸ் கார்டு நேரடியாகக் கிடைக்காது, அதனால் விளையாட்டுக்கும் கனமான வீடியோ எடிட்டிங்குக்கும் ஆகாது.

பலர் விண்டோஸுக்குள் லினக்ஸைத்தான் ஓட்டுகிறார்கள். இதைத் தலைகீழாக யோசிக்கலாம். நாள் முழுக்க லினக்ஸில் வேலை, மாதத்தில் சில நாள் மட்டும் டாலியோ பேஜ்மேக்கரோ என்றால், லினக்ஸை நிரந்தரமாக நிறுவி விண்டோஸை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்குள் வையுங்கள். 2022-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 டிபிஎம்மையும் மென்பொருளாகவே தருவதால் விண்டோஸ் 11 அதற்குள் நிறுவப்படும். உரிமம் தனியாக வேண்டும். தமிழ்த் தட்டச்சைப் பற்றியும் கவலை வேண்டாம். என்எச்எம் ரைட்டருக்குப் பழகிய கைக்கு லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 கிடைக்கிறது.

டபிள்யூஎஸ்எல் நிரல் எழுதுகிறவர்களுக்கு. இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது, விண்டோஸ் 11-இல் வரைகலைச் செயலிகளும் திறக்கும். வேலைக் கோப்புகளை விண்டோஸ் டிரைவில் வைத்து லினக்ஸிலிருந்து தொட்டால் மட்டும் ரொம்ப மந்தம். லினக்ஸ் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானும் ஷெல்லும் கற்கும் மாணவருக்கு இதுவே போதும். லினக்ஸ் டெஸ்க்டாப்போடு வாழ்ந்து பார்க்க விரும்புகிறவருக்கு இது அந்த அனுபவத்தைத் தராது.

பிடிக்கவில்லை, லினக்ஸை எடுத்துவிடலாம் என்றால்? டபிள்யூஎஸ்எல்லை ஒரே கட்டளையில் நீக்கலாம், விர்ச்சுவல் மெஷின் என்றால் கோப்பை அழித்தால் தீர்ந்தது, தனி டிஸ்க்கைக் கழற்றிவிடலாம். ஒரே டிஸ்க்கில் மட்டும் வரிசை முக்கியம். முதலில் பயாஸ் செட்டப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து, அந்த இடத்தை விண்டோஸோடு சேருங்கள். வரிசை மாறினால் கணினி கறுப்புத் திரையில் கிரப் கட்டளை வரியோடு நின்றுவிடும். அப்படி நின்றாலும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினியை இயக்கும்போதே பூட் மெனுவைத் திறந்து விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் போதும்.