இல்லாத காய்ச்சலுக்கு ரூ.78,500: பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

ரூ.78,500. ரசீது கிடையாது. என்னிடம் மிச்சம் இருப்பது ஜிபேயில் இரண்டு பச்சை டிக், வாட்ஸ்அப்பில் பதில் வராத நீல டிக்குகள், ராயப்பேட்டை ஷெட்டில் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) கழற்றிப் போட்டிருக்கும் ஒரு 1965 எம்.ஜி.பி., பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முழுக்கதை எனக்கே நேற்று மாலைதான் விளங்கியது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வழக்கம்போல "போகட்டும் விடு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

வண்டி என் பெரியப்பாவுடையது. குன்னூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்; ஊருக்குத் திரும்பிய ஒரு மேனேஜரிடம் வாங்கினார். இரண்டு சீட், மேலே துணிக்கூரை, 1798 சிசி இன்ஜின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர். அவர் போன பிறகு பெரியம்மா சாவியை என் கையில் கொடுத்தார். மலையில் இருந்தவரை சூடு என்ற பேச்சே எழுந்ததில்லை.

சென்னைக்கு வந்தபின் நான் கவனித்தது இதுதான். டெம்பரேச்சர் மீட்டரில் எண்கள் கிடையாது. சி, என், எச் என்று மூன்றே எழுத்து: கோல்டு, நார்மல், ஹாட். காலையில் பெசன்ட் நகரிலிருந்து மெரினா வரை போனால் முள் 'என்'னில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கத்திரி வெயிலில் டைடல் பார்க் சிக்னலில் மாட்டினால் 'என்'னைத் தாண்டிக் கொஞ்சம் ஏறும். வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும். கொதித்ததில்லை, மூடியிலிருந்து ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. இருந்தாலும் எனக்கு அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்தே பயம் பிடித்துக்கொண்டது. ஏமாந்தது ஒர்க்‌ஷாப்பில்தான், ஆனால் ஏமாறத் தயாரானது இந்த சிக்னலில்.

கடை பெயர் சொல்லமாட்டேன். பழைய கார்களைப் புதுப்பித்து, பின்னணியில் இளையராஜா பாட்டு வைத்து ரீல்ஸ் போடும் வகையறா. வாசலில் ஒரு பத்மினி, உள்ளே துணி போர்த்திய ஏதோ இரண்டு வண்டி. முதலாளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் போனட்டைத் திறக்கவே இல்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், கதவின் மேல் விளிம்பை விரலால் தடவினார், அப்புறம் சொன்னார்: "சார், இந்த வண்டி எனக்குத் தெரியும். சின்ன வயசுல மவுண்ட் ரோட்ல உங்க பெரியப்பா ஓட்டிட்டுப் போறத பாத்திருக்கேன். இதே செவப்பு. எங்கப்பா கைய புடிச்சிக்கிட்டு நின்னு பாத்தேன்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டீ வந்தது. அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் ரூ.40,000 அட்வான்ஸ் அனுப்பியிருந்தேன்.

பெரியப்பா அந்த வண்டியை ஒரு நாள்கூட சென்னைக்கு ஓட்டி வந்ததில்லை. அந்தக் கடை முதலாளி சின்னப் பையனாக இருந்த காலத்தில் வண்டி வெள்ளை நிறம்; சிவப்பு அடித்தது 2011-ல், மேட்டுப்பாளையத்தில். இது எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். அந்த நிமிஷத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்ன வைத்தியம்: நாலு வரிசை கோர் போட்ட புது ரேடியேட்டர், எலக்ட்ரிக் ஃபேன், தெர்மோஸ்டாட்டைத் (இன்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) தூக்கிவிடுவது. "அறுபது டிகிரி தாண்டாது சார், கேரண்டி." அறுபது என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். காய்ச்சல் இறங்கினால் நல்லதுதானே என்கிற வீட்டு வைத்திய அறிவு. பத்து நாள் கழித்து மீதி ரூ.38,500 அனுப்பி வண்டியை எடுத்தேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சார் நஷ்டம்." ஆக மொத்தம் ரூ.78,500.

முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி, ஈ.சி.ஆர். திருவான்மியூர் தாண்டும் வரை முள் 'சி'யை விட்டு எழவே இல்லை. கேரண்டி வேலை செய்கிறது என்று சிரித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. எழுபதில் போய்க்கொண்டிருக்கும்போதே முள் மெதுவாக நகர ஆரம்பித்தது. வேகம் கூட்டினால் இன்னும் ஏறியது. முட்டுக்காடு பாலத்துக்குச் சற்று முன்னால் போனட் இடுக்கிலிருந்து ஆவி. ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் இட்லிப் பானை மூடி மாதிரி ரேடியேட்டர் மூடி தடதடவென்று ஆடியது.

பக்கத்தில் இளநீர் வண்டி. நான் தண்ணீர் கேனோடு ஓடினேன். இளநீர்க்காரர் கேனைப் பிடித்து இழுத்துவிட்டார். "கொதிக்கறப்போ மூடிய தொறக்காத சார், மூஞ்சி வெந்துடும். பச்சத் தண்ணி ஊத்துனா இரும்பு விண்டுடும்." இன்ஜின் விஷயத்தில் எனக்கு இலவசமாகக் கிடைத்த ஒரே நல்ல யோசனை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். ஆனால் அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டிருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் காபி நிறத்தில் நுரை. ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது.

அன்றே போன் செய்தேன். "செட் ஆகணும் சார், நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." கொதித்துப் போன வண்டியை எப்படி ஓட்டுவது? மறுநாள்: "ஓனர் கோயம்புத்தூர் போயிருக்காரு." அதற்கு மறுநாள் ஓனரே எடுத்தார்: "மீட்டர் பொய் சொல்லுது, அத மாத்தணும், பன்னிரண்டாயிரம் ஆகும்." நாலாம் நாள் நேரில் போனேன். ஒரு பையன் ஸ்டூலைத் துடைத்து உட்காரவைத்தான், மறுபடி டீ. முதலாளி உள்ளே போனில் பேசும் குரல் எனக்குக் கேட்டது. பையன் வந்து "அண்ணன் இல்ல சார்" என்றான். கடைசியாக வந்த வாய்ஸ் மெசேஜ்: "அறுபது வருஷத்து வண்டி சார், மனுஷனுக்கே இந்த வயசுல பிபி வருது." அத்தோடு சரி. ரூ.78,500 வாங்கும்போது அந்த வயது அவருக்கு உறுத்தவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார். வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்திலிருந்து ஸ்பேனர் பிடித்தவர். டோ செய்து அங்கே கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, தினத்தந்தியில் ஒரு தாளைக் கிழித்து ரேடியேட்டர் முன்னால் பிடித்து ஃபேனைப் போடச் சொன்னது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். தாள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் பறந்து வந்து பாய் முகத்தில் அடித்தது.

காரணம் கேட்டால் வயிறு எரிகிறது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இந்தக் கால வண்டி மாதிரி ஃபேனுக்கு ஒயர் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றிய பழைய ஃபேனையும் கழற்றிவிட்டார்கள். நான் வேகமாகப் போகப் போக எதிரே வரும் காற்றோடு ஃபேன் மல்லுக்கு நின்றிருக்கிறது.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இந்த மூடியில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது அழுத்தம் கொடுப்பதால்தான் உள்ளே இருப்பது நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ஒரு பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தின் அளவு) ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கணக்கு, 10 பி.எஸ்.ஐ. மூடி என்றால் வெறும் தண்ணீரே சுமார் 115 வரை தாங்கும். அவர்கள் போட்டது வேறு ஏதோ வண்டியின் மூடி. கழுத்து குட்டை, உள் உதட்டில் உட்காரவே இல்லை. அழுத்தம் பூஜ்யம். உள்ளே கூலண்ட் கிடையாது, போர் தண்ணீர்.

'புது ரேடியேட்டர்' என்றார்களே, அதன் கீழ் மூலையில் பாய் பிளேடால் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினார். அடியில் பித்தளை, அதில் கட்டைவிரல் அளவு ஒரு நசுங்கல். பெரியப்பா கோத்தகிரி ரோட்டில் கல்லில் இடித்தது. அந்தக் கதையை அவர் சொல்லச் சொல்ல நான் வளர்ந்தவன்.

தெர்மோஸ்டாட் டிக்கியில் டூல்ஸ் பையில், பேப்பரில் சுற்றிக் கிடந்தது. விளிம்பில் 82 என்று அச்சு. வீட்டுக்கு எடுத்துவந்து பால் காய்ச்சும் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். (அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குள் வராது என்று மனைவி அறிவித்துவிட்டார்.) எண்பது வரை சும்மா கிடந்தது. 82-ஐ ஒட்டி அதன் வாய் மெல்லத் திறந்தது. 90 தாண்டியபோது முழுசாகத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன், மூடிக்கொண்டது. ஒரு பழுதும் இல்லை.

பாய் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "இந்த இன்ஜின் எண்பதுக்கு மேலதான் சார் நல்லா இருக்கும். அறுபதுல ஓட்டுனா ஆயில் கெட்டுப்போகும், சிலிண்டர் போர் தேயும். சிக்னல்ல தொண்ணூத்தஞ்சு வரைக்கும் போயிட்டு ஓட்டத்துல இறங்குனா அது சீக்கு இல்ல, மெட்ராஸ் வெயிலு." ஆக, என் வண்டிக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்கு ரூ.78,500 கொடுத்து நோய் வாங்கியிருக்கிறேன்.

விவரமாக யோசனை எழுதுவதாக இருந்தேன், நேரமில்லை. சுருக்கமாக: போனட்டைத் திறக்காமல் வைத்தியம் சொல்பவரிடம் பணம் அனுப்பாதீர்கள். சூடு சிக்னலில் ஏறினால் ஃபேன் காற்றைப் பாருங்கள், ஓட்டத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள், என் மாதிரி ஃபேன் மாற்றியிருந்தால் அது சுற்றும் திசையையும். கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு நான் அடித்தபோது முதலில் கேட்டதே பில்தான்.

பாய் கூப்பிடுகிறார். ஹெட் லேத்திலிருந்து ஃபேசிங் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) முடிந்து வந்திருக்கிறதாம், வால்வுகளுக்கு நடுவே ஏதோ கோடு தெரிகிறதாம், வெடிப்பா கீறலா என்று நேரில் வந்து பார்க்கச் சொல்கிறார். கிளம்புகிறேன்.