சிமெண்டா, ஜிப்சமா, சுண்ணாம்பா? புது வீட்டின் உட்சுவர்ப் பூச்சும் பூஞ்சையும்

கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பூச்சு வேலை நடக்கும் வீடுகளில், குடியேறிய சில மாதங்களிலேயே சுவரில் கரும்புள்ளிகள் தோன்றினால், பழியை மழையின் மீது போட்டுவிடுகிறோம். ஆனால் புது வீட்டின் ஈரத்தில் பெரும்பகுதி நாமே ஊற்றியது. 50 கிலோ சிமெண்டோடு வேதிவினையில் பிணைவது ஏறத்தாழ 12 லிட்டர் தண்ணீர்தான். பூச்சுக் கலவையிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் சேர்கிறது. இதோடு செங்கல் குடித்த நீரும், ஒரு வாரம் சுவருக்கு அடித்த நீரும் உண்டு. இவையெல்லாம் காற்றில் கலந்துதான் வெளியேற வேண்டும். காற்றே ஈரமாக இருக்கும் பருவத்தில் அதற்கு வழியில்லை. சுவர்ப் பரப்பை ஒட்டிய ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சை முளைத்துவிடும். ஆகவே எந்தப் பூச்சு வழவழப்பானது என்பதைவிட, எது எவ்வளவு நீரைக் கொண்டுவருகிறது, எது அதை வெளியேற விடுகிறது என்பதை வைத்தே மூன்றையும் எடைபோட வேண்டும்.

சிமெண்டுப் பூச்சின் குறை அதன் தாமதம். ஏழு நாள் தண்ணீர் காட்டிய பிறகு, பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பார்ப்பதற்கு முன் இன்னும் மூன்று நான்கு வாரமாவது சுவரை உலரவிட வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் போதாது. அதன் நிறை, புதிய பூச்சின் கடுமையான காரத்தன்மை. அதன் மேல் பூஞ்சை எளிதில் முளைப்பதில்லை. முளைப்பது பெரும்பாலும் அதன் மேல் அவசரமாகப் பூசிய பட்டியிலும் பெயிண்டிலும் படிந்த தூசியிலும்தான். கடலூரில் என் வீட்டில் நடந்தது இதுவே. கிரகப்பிரவேச நாளைக் காட்டி, பூச்சு முடிந்த பன்னிரண்டாம் நாள் பட்டி பார்த்தார்கள். சுவரோடு ஒட்டி ஒட்டுப்பலகை அலமாரியையும் பொருத்தினார்கள். தை மாதம் அலமாரியை நகர்த்தியபோது, அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பலும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. "உப்புதான் சார், துடைச்சா போயிடும்" என்றார் மேஸ்திரி. உப்பாக இருந்தால் தண்ணீர் தெளித்ததும் கரைந்து மறையும். இதுவோ விரலில் மையாக இழுபட்டது.

ஜிப்சத்தை விற்பவர்கள் "தண்ணீர் அடிக்க வேண்டாம், பட்டியும் வேண்டாம்" என்கிறார்கள். இரண்டும் உண்மை, அரை மணி நேரத்திற்குள் இறுகிவிடும் பொருளுக்கு நாள்கணக்கில் தண்ணீர் காட்டத் தேவையில்லை. ஆனால் 25 கிலோ மூட்டைக்கு 15 லிட்டர் அளவில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிறார்கள். அதில் ஐந்து லிட்டருக்கும் குறைவாகவே பிணைகிறது. மீதி சுவரில்தான் இருக்கிறது, இறுகிய பூச்சை உலர்ந்த பூச்சு என்று எண்ணிவிடுகிறோம். மேலும் ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும் பொருள். தொடர்ந்து ஓதம் ஏறினால் மெத்தென்றாகி உதிரும். குளியலறையிலும், தரைத்தளச் சுவரின் அடிப்பகுதியிலும், வெளிப்பூச்சு முடியாத சுவரின் உட்புறத்திலும் அதைப் பூசக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈரத்தை மட்டும் பார்த்தால் சுண்ணாம்புப் பூச்சே முதலிடம் பெறும். காரமும் உண்டு, நீராவி வெளியேற நுண்துளைகளும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் நிற்கும் பூச்சைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகும் அந்தப் பூச்சுக்குப் பொறுமையும், பக்குவம் தெரிந்த கொத்தனாரும் வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் நுண்துளைகள் அடைபட்டு, செலவழித்தது வீண்.

இன்று மீண்டும் கட்டினால், தரைத்தளத்துக்கும் ஈரம் புழங்கும் அறைகளுக்கும் சிமெண்ட், மாடிப் படுக்கையறைகளுக்கும் கூரையின் அடிப்பகுதிக்கும் ஜிப்சம் என்று பிரித்துக்கொள்வேன். எதுவானாலும் பெயிண்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுக்க விட்டுப் பார்ப்பேன். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், பட்டி மூட்டை இன்னும் சில வாரம் மூலையிலேயே கிடக்கட்டும்.