கேட்டைத் திறக்க எது நல்லது: ரிமோட்டா, சிம் கார்டா, வை-ஃபையா?

போன அக்டோபரில் ஒரு மாலை. கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செந்தூல் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரிமோட்டை அமுக்கினேன். சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்துபோனது. கடைகளில் 27ஏ என்று கேட்டு வாங்குவோமே, சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத 12 வோல்ட் பேட்டரி, அது தீர்ந்துவிட்டது. ஹார்ன் அடித்தேன், எதிர்வீட்டு நாய் குரைத்தது. அம்மா உள்ளே நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இறங்கி நனைந்துகொண்டே மணியடித்தேன். போனிலேயே கேட் திறக்க ஏதாவது வழி செய்தே தீருவது என்று அன்றிரவு முடிவெடுத்தேன். அடுத்த இரண்டு மாதம் விசாரித்ததையும், கடைசியில் நான் மாட்டியதையும், மாட்டியபின் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் கராஜ் கதவுகள். மலேசியாவில் தாமான் எனப்படும் நம் குடியிருப்பு வீடுகளில் கராஜ் எங்கே இருக்கிறது? கார் நிறுத்தும் போர்ச்சும் அதற்கு முன்னால் மோட்டாரில் ஓடும் ஆட்டோகேட்டும்தான். ஆனால் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். மோட்டாரை ஓட்டும் போர்டில் அமுக்குபொத்தானுக்கென்று இரண்டு முனைகள் இருக்கும். அந்த இரண்டும் அரை நொடி தொட்டுக்கொண்டால் கேட் நகரும். ஸ்மார்ட் என்ற பெயரில் விற்கும் எல்லாக் கருவியும் செய்வது அந்த இரண்டு முனைகளையும் தூரத்திலிருந்து தொடவைப்பது மட்டுமே. இது புரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

முதலில் பழைய ரிமோட். மலிவு, உடனே வேலை செய்யும், அம்மாவுக்குப் பழக்கம். குறை பாதுகாப்பில்தான். மூடியைத் திறந்தால் எட்டுச் சிறு சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் என்று இருந்தால் அது மாறாத குறியீடு. மொத்தம் 6,561 சேர்க்கைகள்தான். அமெரிக்காவில் சாமி காம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2015-இல் ஒரு பொம்மைக் கருவியை மாற்றியமைத்து, மாறாத குறியீடுள்ள கராஜ் கதவுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோட் ரிமோட்டிடம் அந்த வித்தை பலிக்காது. உங்களிடம் பழைய வகை இருந்தால், வேறு எதுவும் செய்யாவிட்டாலும் ரிசீவரையும் ரிமோட்டையும் ரோலிங் கோடுக்கு மாற்றிவிடுங்கள்.

காரிலேயே வரும் ஹோம்லிங்க் பொத்தானைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிக்குப் பக்கத்திலோ மேலேயோ இருக்கும் அந்தப் பொத்தான் உங்கள் ரிமோட்டின் அலையைக் கற்றுக்கொள்ளும். விலை உயர்ந்த கார்களில் இருக்கும். டெஸ்லாவில் கூடுதலாகப் பொருத்திக்கொண்டால் வீட்டை நெருங்கும்போது தானே சிக்னல் அனுப்பும். நான் ஓட்டுவது மைவி, உள்ளூர்ச் சின்னக் கார்.

அடுத்தது சிம் கார்டு போட்ட பெட்டி. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வருடக்கணக்காக இதைத்தான் வைத்திருக்கிறார். பெட்டிக்கு ஒரு தொலைபேசி எண். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் அது எடுக்காமலே அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கேட்டைத் திறக்கும். எடுக்காததால் அழைப்புக்குக் காசும் போகாது. சாதாரணமாக 200 எண்கள் வரை பதியலாம். காரில் இதைவிட வசதி வேறில்லை என்றுகூடச் சொல்லலாம். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அமுக்கி "கால் கேட்" என்றால் முடிந்தது. போனைத் தொடவே வேண்டாம். செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை, வீட்டு இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அந்த சிம்முக்கு ரீலோட் போட யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். அங்கிள் ஒரு தடவை மறந்துவிட்டார். எண் காலாவதியாகி, புது சிம் வாங்கி, ஒவ்வொருவர் எண்ணையும் மறுபடி பதிந்தார். இன்னொன்று, மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. 3ஜி மட்டும் தெரிந்த பெட்டிகள் அத்தோடு சரி. இப்போது வாங்குவதானால் 4ஜி என்று கேட்டு வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடக்கும் பழைய சரக்கு வேண்டாம்.

மூன்றாவது, மோட்டாரோடு சேர்த்து முழு செட்டையே மாற்றுவது. வை-ஃபை போர்டுக்குள்ளேயே இருக்கும், தனிச் செயலி, அழகான ரிமோட். எனக்கு வந்த விலைகள் 1,800 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) மேலே. மோட்டார் ஏற்கெனவே தேய்ந்துபோய் முனகுகிறது என்றால் யோசிக்கலாம். நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் போட எனக்கு மனம் வரவில்லை. மனத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் எடுத்தது நான்காவது வழி: பழைய மோட்டார், பழைய போர்டு அப்படியே இருக்க, அந்த இரண்டு முனைகளில் ஒரு சின்ன வை-ஃபை ரிலே, அதாவது போனிலிருந்து இயக்கும் சுவிட்ச். விலை 65 வெள்ளி. முதலில் நான் இணையத்தில் வாங்கியது தப்பான பொருள். தம்பி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, இது விளக்குக்குப் போடும் சுவிட்ச். 240 வோல்ட்டை அப்படியே வெளியே தள்ளும். போர்டில் மாட்டினால் கேட் திறக்காது, புகைதான் வரும்." வேண்டியது டிரை காண்டாக்ட் ரிலே, தன் மின்சாரத்தை வெளியே அனுப்பாமல் இரண்டு கம்பிகளைத் தொடவைக்க மட்டும் செய்வது. அடுத்த சனிக்கிழமை மின்பொருள் கடைகள் உள்ள ஜாலான் பாசாருக்கே போய் வாங்கினோம். எங்கள் போர்டில் பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் முனை இருந்ததால் தனி அடாப்டரும் தேவைப்படவில்லை.

மாட்டுவது இருபது நிமிட வேலை. செயலியில் இரண்டு அமைப்புகளைப் பார்க்காமல் விட்டால்தான் வினை. ஒன்று, ரிலே ஒரு நொடிக்குள் தானே விடுபட வேண்டும். விளக்கு சுவிட்ச் போல அமுங்கியே நின்றால் போர்டு குழம்பிவிடும். இரண்டாவது இன்னும் முக்கியம்: மின்சாரம் போய் மறுபடி வரும்போது ரிலே எந்த நிலையில் எழ வேண்டும் என்று கேட்கும். அது 'ஆஃப்' என்றே இருக்கட்டும். இல்லையென்றால் நடுராத்திரியில் கரண்ட் போய் வந்ததும் கேட் தானாக விரியத் திறந்து நிற்கும், நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, காரில் வரும்போது எப்படி? இங்கேதான் முதல் வாரம் என்னைப் படுத்திவிட்டது. எங்கள் லோரோங்குக்குள் (சந்துக்குள்) திரும்பும்போது அமுக்கினால் உடனே திறக்கிறது. கேட்டுக்கு முன்னால் வந்து நின்று அமுக்கினால் செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. காரணம் தெரிய நாலு நாள் ஆயிற்று. வாசலில் வீட்டு வை-ஃபை ஒரே ஒரு கோடுதான் கிடைக்கும். போன் நல்ல மொபைல் டேட்டாவை விட்டுவிட்டு அந்த ஒற்றைக் கோட்டை ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறது. அவசரத்தில் நான் இரண்டாம் தடவை அமுக்க, இரண்டு கட்டளையும் சேர்ந்து போய், பாதி திறந்த கேட் நின்றுவிட்டது. எங்கள் போர்டுக்கு ஒரு அமுக்கல் திற, அடுத்தது நில், அதற்கடுத்தது மூடு. ரௌட்டரை டிவி மேசையிலிருந்து ஹால் ஜன்னலோரம் நகர்த்திய பிறகு இந்தத் தொல்லை போய்விட்டது. இந்த ரிலேக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ரிலேக்குத் தெரியாது. அதற்குத் தனியாகக் காந்த சென்சார் ஒட்ட வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து "மூடினேனா?" என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆளாக இருந்தால் அதையும் சேர்த்தே வாங்குங்கள். நான் அப்படிப்பட்ட ஆள்.

வீட்டை நெருங்கினால் தானே திறக்கும் வசதியையும் போட்டுப் பார்த்தேன். பின்னால் வேறு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தாலும் அது பாட்டுக்குத் திறக்கிறது. நம் ஊரில் கேட் வாசலில் காத்திருந்து பறிப்பவர்களை நினைத்தால், கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு நானே திறப்பதுதான் எனக்கு நிம்மதி. மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். தானே மூடும் ஏற்பாட்டைத் தொடவே இல்லை. அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு, இடையில் ஆள் வந்தால் கதவு திரும்பிப்போகும் பாதுகாப்பு கட்டாயம். இங்கே பல வீடுகளில் ஒளிக்கதிர் சென்சாரே இருக்காது. என் வீட்டிலும் பிறகுதான் போட்டேன்.

ஐபோனைக் காரின் திரையில் காட்டும் கார்பிளேயைத் தம்பியின் காரில் ஒரு வாரம் மட்டும் பார்த்தேன். வீட்டுக் கருவிகளை இயக்கும் ஆப்பிளின் ஹோம்கிட்டோடு ஒத்துப்போகும் கருவியாக இருந்தால் வீட்டை நெருங்கும்போது காரின் திரையிலேயே கதவுப் பொத்தான் வந்து நிற்கும். வெளியிலிருந்து இயங்க வீட்டில் ஆப்பிள் டிவியோ ஹோம்பாடோ இருக்க வேண்டும். அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தை வைத்து அதற்கு மேல் பேச மாட்டேன்.

இப்போது அந்தப் பெரிய காரணம்: இடி.

கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமுமான கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் நாலு மணிக்குள் எங்காவது விழும். ஆட்டோகேட்டுக்கு வரும் கம்பிகள் போர்ச் தரைக்கடியில் நீளமாக ஓடுகின்றன. மின்னல் பக்கத்தில் விழுந்தாலே போதும், அந்தக் கம்பி வழியாக வரும் அதிர்ச்சியில் ஏதாவது ஒரு சில்லு போய்விடும். ஆகவே எது வாங்கினாலும் ஒருநாள் போகப்போகிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். போனால் எது போகும், யார் சரிசெய்வார், அதுவரை எப்படித் திறப்பது? மற்ற எல்லா வசதியும் இந்த மூன்று கேள்விக்கு அப்புறம்தான்.

ஏப்ரலில் எங்கள் வீட்டில் விழுந்தது. மின்கசிவு வந்தால் கரண்ட்டை வெட்டும் ஆர்சிசிபி சுவிட்ச் தட்டிவிட்டது, அதைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் ரிமோட்டுக்குக் கேட் திறக்கிறது, போனுக்குத் திறக்கவில்லை. ரிலே போயிருந்தது. நாலு கம்பி, இரண்டு திருகு, இன்னொரு 65 வெள்ளி. மறுநாள் மாலைக்குள் முடிந்தது. போர்டே போயிருந்தாலும் அது எல்லா ஆட்டோகேட் ஆட்களும் வண்டியில் வைத்திருக்கும் சாதாரண போர்டுதான்.

கெப்போங்கில் என் சித்தப்பா வீட்டில் முழு செட். அதே மாதம் அங்கும் இடி. வை-ஃபை, ரிசீவர், மோட்டார் கட்டுப்பாடு எல்லாம் ஒரே போர்டில் இருந்ததால் எல்லாமே ஒரே நேரத்தில் போனது. அந்த போர்டு விற்றவரிடம் மட்டுமே கிடைக்கும். வர மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் சித்தப்பா கையால் விடுவிக்கும் சாவியைப் போட்டு, கேட்டைத் தள்ளித் தள்ளித் திறந்தார். அறுபத்தெட்டு வயது.

செயலியும் இந்தக் கணக்கில் வரும். மோட்டாரும் செயலியும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் விதி மாறும்போது நாம் கேட்க முடியாது. அமெரிக்காவில் சேம்பர்லேன் நிறுவனம் 2023 இறுதியில் போனில் கராஜ் கதவு திறக்கும் தன் மைக்யூ சேவையை அங்கீகாரமில்லாத வெளிச் செயலிகள் தொட முடியாதபடி அடைத்தது. பல நிறுவனக் கருவிகளை ஒன்றாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் அதை இணைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த டிசம்பர் பதிப்பிலிருந்து இணைப்பே இல்லை. என் ரிலேயின் செயலியும் நாளை அப்படி ஆகலாம். ஆனால் போவது 65 வெள்ளிப் பொருள், மோட்டார் நிற்காது.

வை-ஃபையின் ஓட்டையையும் மறைக்க வேண்டாம். கரண்ட் போனால் ரௌட்டர் படுத்துவிடும். கேட்டுக்குப் பேட்டரி இருந்தும் போனில் திறக்க முடியாது. இந்த இடத்தில் சிம் பெட்டி என் ரிலேயை அடித்துவிடுகிறது. அங்கிள் இருட்டிலும் அழைத்துத் திறந்துகொண்டு போகிறார். ரௌட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு மின்தடைகளைத் தாண்டியிருக்கிறது; அவை இரண்டுமே அரை மணி நேரத்துக்குள் முடிந்தவை.

இன்னொரு எதிரியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏப்ரலில் போர்டுப் பெட்டியைத் திறந்தபோது ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டைகள், கம்பி வரும் ஓட்டையைச் சுற்றி எறும்புப் புற்று. தம்பி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டையைச் சிலிக்கான் பசையால் அடைத்தான். புது ரிலேயைப் போடும் முன் அதைத்தான் முதலில் செய்தோம்.

அம்மா செயலியைத் தன் போனில் போட விடவில்லை. "எனக்கு அந்தப் பட்டனே போதும்மா" என்று ரிமோட்டைச் சாமி மேடைப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். பொட்டலம் கொண்டுவரும் பையனுக்கு மட்டும் நான் ஆபீஸிலிருந்து கேமராவில் முகம் பார்த்துத் திறக்கிறேன். மைவியிலும் பழைய ரிமோட் அப்படியே இருக்கிறது, ரோலிங் கோடுக்கு மாற்றி. டாஷ்போர்டுக்குள் இரண்டு 27ஏ பேட்டரி, உறை பிரிக்காமல்.