இத்மாத் உத் தௌலா கல்லறை, ஆக்ரா: நூர்ஜஹானைத் தேடுபவர்கள் முதலில் போக வேண்டிய இடம்

ஆக்ராவுக்குப் போகிறவர்கள் தாஜ்மஹாலையும் கோட்டையையும் முடித்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் யமுனையின் அக்கரையில் உள்ள இந்தக் கல்லறைக்கு ஒரு எட்டு போய் வருவார்கள். நூர்ஜஹான் மீது ஆர்வமுள்ளவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. 1611 முதல் 1627 வரை கணவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் பக்கத்திலிருந்து ஆட்சியை நடத்திய, தன் பெயரில் நாணயம் வெளியிட்ட அரசி எழுப்பிய கட்டடம் இது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நூர்ஜஹானே இங்கு அடக்கமாகியிருப்பதாகச் சொல்லும் கைடுகள் உண்டு. அவர் 1645-இல் லாகூரில் காலமானார். கல்லறையும் அங்கே ஷாதராவில் இருக்கிறது. இங்கே துயில்பவர்கள் அவருடைய அம்மா அஸ்மத் பேகமும் அப்பா மிர்சா கியாஸ் பேக்கும். ‘இத்மாத் உத் தௌலா’ என்பது கியாஸ் பேக்குக்குக் கிடைத்த பட்டம். அவருடைய மகன் ஆசஃப் கானின் மகள்தான் மும்தாஜ். ஆகவே தாஜ்மஹாலில் இருப்பவர் இவர்களுடைய பேத்தி.

நடு அறையில் மஞ்சள் நிறக் கல்லில் இரண்டு சமாதிகள். சரியாக மையத்தில் இருப்பது அம்மாவுடையது. அப்பாவுடையது அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல். அம்மா 1621-இல் இறந்தார், சில மாதங்களில், 1622 ஜனவரியில் அப்பாவும் போய்விட்டார். நாலாபுறமும் அச்சுப் பிசகாமல் அமைந்த கட்டடத்தில் இந்த ஒரு இடத்தில் மட்டும் சமச்சீர் குலைகிறது. தாஜ்மஹாலிலும் இதே கதைதான்: மும்தாஜ் நடுவில், ஷாஜஹான் ஓரத்தில்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை எந்த கைடும் சொல்வதில்லை. பெரிய பதவியில் இருந்தவர் இறந்தால் அவருடைய சொத்து அரசுக்குச் சேர்வது முகலாய வழக்கம். ஜஹாங்கீர் மாமனாரின் சொத்து முழுவதையும் நூர்ஜஹானுக்கே கொடுத்துவிட்டார். அரசரின் முரசு முழங்கியபின் நூர்ஜஹானின் முரசும் முழங்க வேண்டும் என்று ஆணையும் போட்டார். போதாததற்கு நூர்ஜஹானுக்கு வணிக வருமானமும் இருந்தது. கிழக்கிலிருந்து வரும் பருத்தித் துணி, பட்டு போன்ற சரக்குகள் ஆற்றைக் கடக்குமுன் அவருடைய ஆட்கள் இதே கரையில் சுங்கம் வசூலித்ததை, அப்போது ஆக்ராவில் இருந்த டச்சு வணிகர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வேலை 1622-இல் தொடங்கி 1628-இல் முடிந்தது. அதற்குள் ஜஹாங்கீர் இறந்து, ஷாஜஹான் அரியணை ஏறி, நூர்ஜஹான் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தோடு ஒதுக்கப்பட்டிருந்தார்.

இனி கல்வேலை. பாதி நேரத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள். தாஜ்மஹாலில் வெள்ளைப் பளிங்குதான் பிரதானம், பூ வேலை அதன்மேல் அளவாக இருக்கும். இங்கே வெள்ளை கண்ணில் படுவதே அரிது. சுவர் முழுக்க நிறக் கற்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பளம் விரித்த மாதிரிதான் தெரியும். கிட்டப் போய் ஒரே ஒரு பலகையை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்: குறுகிய கழுத்துள்ள மதுக்குப்பி, கிண்ணங்கள், மாதுளை, ஊசி போல் உயர்ந்த சைப்ரஸ் மரம், அதைச் சுற்றி ஏறும் பூங்கிளை. பளிங்கில் பள்ளம் வெட்டி, அதே வடிவில் சீவிய கல்லைப் பொருத்தி, பிறகு தேய்த்து மட்டப்படுத்தும் வேலை இது. பொருத்தம் தளர்ந்தால் முதலில் பெயர்வது மெல்லிய கொடிப் பகுதிதான். கைக்கெட்டும் உயரத்தில் வெறும் பள்ளமாக நிற்கும் இடங்களைப் பார்த்தால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதும் புரியும். தொடாதீர்கள்.

நான்கு மூலைகளிலும் சுமார் 13 மீட்டர் உயரத்தில் மினார்கள். கட்டடத்தின் நடுவே, மேலே குமிழ்க் குவிமாடம் இல்லை. பல்லக்குக் கூரை போன்ற மாடம், சுற்றிலும் பளிங்கு ஜாலி, அதாவது சல்லடை போல் துளையிட்ட திரை. மேல்மாடத்துக்கு ஏற விடுவதில்லை என்பது பெரிய குறைதான். ‘பேபி தாஜ்’ என்ற செல்லப் பெயரும் இந்தக் கட்டடத்துக்கு அநியாயம். தாஜ்மஹால் வேலை தொடங்கியதே இது முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

நடைமுறை விஷயங்கள்: தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இதற்குக் கிடையாது. அன்றைக்கே வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. ஆட்டோக்காரரிடம் கல்லறையின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். ‘அக்கரை’ என்று மட்டும் சொன்னால் தாஜ்மஹாலுக்கு எதிர்க்கரையில் உள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்தில் இறக்கிவிடும் வாய்ப்பு உண்டு. கட்டடத்தின் மேடைக்குச் செருப்போடு போக முடியாது. கோடையில் பகல் 11 மணிக்குமேல் கல் கொதிக்கும், சாக்ஸ் எடுத்துப் போங்கள். நுழைவாயில் கிழக்கே இருப்பதால் காலை வெயில் முகப்பில் நேராக விழும், படத்துக்கு அதுதான் நேரம். வடக்கு, தெற்கு வாயில்கள் வெறும் அலங்காரம். மேற்கே ஆற்றைப் பார்த்த மண்டபத்துக்கு மாலையில் போகலாம். 20 நிமிடத்தில் முடிக்கும் பேக்கேஜ் பயணங்களைத் தவிருங்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

நேரம் இருந்தால் அதே கரையில் வடக்கே ராம் பாக்குக்கும் போகலாம். பாபர் காலத் தோட்டம் என்று சொல்லப்படும் இதை நூர்ஜஹான் தன் ரசனைக்கேற்ப மாற்றி அமைத்தார். பராமரிப்பு சுமார்தான், கல்லறையைப் பார்த்த கண்ணுக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ராம் பாக்கை விட்டுவிடலாம்.