பள்ளித் தலைவர்களுக்கான முறைமைச் சிந்தனைப் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் மார்ச் விடுமுறை வாரத்தில், பள்ளி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று நடத்திய இரண்டு நாள் பயிலரங்கில், எங்கள் உயர்நிலைப் பள்ளி முதல்வருடன் தாய்மொழித் துறையிலிருந்து நானும் கலந்துகொண்டேன். ஒரு சிக்கலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பார்க்காமல், பகுதிகள் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தையும் சேர்த்து முழுமையாகப் பார்ப்பதே முறைமைச் சிந்தனை.

முதல் நாள் முற்பகல் முழுவதும் வரலாற்றிலேயே கழிந்தது. 1950களில் அமெரிக்கப் பொறியாளர் ஜே ஃபாரஸ்டர் தொழிற்சாலைச் சிக்கல்களை ஆராய்ந்து உருவாக்கிய துறையிலிருந்து வளர்ந்தது இந்தச் சிந்தனை. 1990இல் மேலாண்மை அறிஞர் பீட்டர் செங்கே எழுதிய நூலால் பரவலாக அறியப்பட்டது. "சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்" என்பதைக் கல்விக் கொள்கையாக 1997இலேயே அறிவித்த இந்த நாட்டில் இவ்வளவு நீண்ட முன்னுரை தேவைதானா என்று தோன்றியது.

பிற்பகலில்தான் பயிலரங்கு சூடு பிடித்தது. மதிப்பெண் சரிந்தால் கூடுதல் வகுப்பு வைக்கிறோம்; அதனால் மாணவர் களைத்துப்போக, ஆசிரியருக்கும் பாடம் தயாரிக்கும் நேரம் குறைய, வழக்கமான வகுப்பு மேலும் வலுவிழந்து மதிப்பெண் மறுபடியும் சரிகிறது என்பதை அம்புக்குறிகளால் ஒரு வளையமாக வரைந்தபோது, அரங்கிலிருந்த முதல்வர்கள் சிலர் சங்கடத்துடன் சிரித்தார்கள்.

எங்கள் மேசைக்கு நான் ஒரு தமிழ்ச் சிக்கலைக் கொண்டுசென்றேன். தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள், பள்ளி முடிந்ததும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற வேறோர் இடத்துக்குச் சென்று படிக்கிறார்கள். அதே பிற்பகலில் விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கையை வைத்தால், மாணவர் இரண்டில் ஒன்றைத் தவறவிட நேர்கிறது. கால அட்டவணையை வகுப்பவரின் கண்ணுக்கு இந்த இழப்பு தெரிவதே இல்லை, ஏனெனில் அது பள்ளி வேலிக்கு வெளியே நிகழ்கிறது. ஆராயும் முறைமையின் எல்லையை எங்கே வரைவது என்ற கேள்வியைப் பயிற்றுநர் இந்த எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கியது மிகச் சிறப்பு.

குறை ஒன்றுண்டு. மாற்றத்தின் பலன் தாமதமாகவே தெரியும் என்று பலமுறை சொன்னவர்கள், இங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதல்வர்கள் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவதைப் பற்றிப் பேசவே இல்லை. விதைத்தவர் அறுவடைக்கு இருக்கமாட்டார் என்றால், அடுத்து வருபவரிடம் எதை, எப்படி ஒப்படைப்பது? இதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

முதல்வர் மட்டும் தனியே செல்வதைவிட, கால அட்டவணைப் பொறுப்பாளரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. எங்கள் மேசையில் வரைந்த படத்தை எங்கள் முதல்வர் கையோடு எடுத்துவந்து, தமிழ் வகுப்பு நாளில் இணைப்பாட நடவடிக்கையைத் தவிர்க்க முடியுமா என்று அந்தப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறார்.