பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? டோக்கன் பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களுக்குப் பழைய பிக்கப் விற்றவர் பெயரைப் போட மாட்டேன். வக்கீல் போடாதே என்று சொல்லியிருக்கிறார். பெங்களூரில் கே.ஆர்.புரத்தைத் தாண்டி ஹொசகோட்டை போகிற வழியில் பழைய சரக்கு வண்டி விற்கிற யார்டுகள் நிறைய இருக்கின்றன. எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. எனக்கு வாய்த்தவர் இப்படி.

நான் இருப்பது லிங்கராஜபுரத்தில். மனைவியின் தம்பி தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் கெலமங்கலம் பக்கம் தக்காளியும் கோஸும் போடுகிறார். அறுப்பு நேரத்தில் லோடு கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு வர வேண்டும். நடைக்கு மூவாயிரம் வாங்கிக்கொண்டிருந்த வாடகை வண்டி போன வருடம் நாலாயிரத்து ஐந்நூறு ஆகிவிட்டது. தக்காளி அடிமாட்டு விலைக்குப் போன வாரத்திலும் வாடகையில் ஒரு ரூபாய் குறையவில்லை. "மாமா, ஆளுக்குப் பாதி போட்டு நாமே ஒண்ணு எடுத்துடலாம்" என்றார் மச்சான். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி அவர் தோட்டத்து மண் பாதைக்கும் ஒன்றரை டன் கோஸுக்கும் தாங்காது. பிக்கப்தான் வேண்டும். ஷோரூமில் கேட்டோம். 1.7 டன் ஏற்றுகிற வண்டி, ஷோரூம் விலை ஒன்பது லட்சத்தை ஒட்டி. இன்சூரன்ஸ், வரி எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது பத்து லட்சத்து நாற்பதாயிரம். மச்சான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகை மாசு விதி கட்டாயமான பிறகு டீசல் வண்டி விலை ஒரேயடியாக ஏறியது. அதற்கப்புறம் ஜனவரிக்கு ஒரு ஏற்றம், ஏப்ரலுக்கு ஒரு ஏற்றம் என்று பழகிப்போய்விட்டது. கோஸ் விலை மட்டும் அப்படி வருடா வருடம் ஏறுவதில்லை.

இந்த இடத்தில்தான் அந்த யார்டுக்காரர் வருகிறார். எங்கள் தெருவில் காய்கறி வண்டி வைத்திருப்பவர் மூலமாக அறிமுகம். வாயைத் திறந்ததும் தமிழ். "எந்த ஊருண்ணா? கிருஷ்ணகிரியா? அட, எங்கம்மா ஊரு பர்கூரு!" பெங்களூரில் நாற்பது வருடம் இருந்தாலும், வெளியிடத்தில் ஒருவர் நம்ம பேச்சு பேசினால் மனசு கொஞ்சம் இளகிவிடுகிறது. எனக்கு இளகியது. அதற்கு விலை எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போட்டிருக்கிறேன்.

காட்டியது 2018 பிப்ரவரி பதிவு, கே.ஏ. 53 என்று தொடங்கும் கர்நாடக எண் வண்டி. "பி.எஸ்.4 வண்டிண்ணா, சென்சார் தொல்லை எதுவும் கிடையாது. சிங்கிள் ஓனர். ஓட்டம் அறுபத்திரண்டாயிரம்தான். எஃப்.சி. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு." எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று. ஆறு லட்சத்துப் பத்து சொன்னார், ஐந்து அறுபத்தைந்துக்கு இறங்கினார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம். "யோசிங்க. ஆனா காலையில ஒரு பார்ட்டி கோலாரிலிருந்து வர்றான். புது வண்டி விலை ஏறிக்கிட்டே போகுது, அதனால பழசுக்கு அடிச்சுக்கிறானுங்க. அடுத்த மாசம் இந்த விலைக்குக் கெடைக்காது."

அது 2025 ஆகஸ்ட் 14. அங்கேயே நின்று இருபத்தைந்தாயிரம் டோக்கன் போட்டேன். பணம் அனுப்பச் சொன்ன போன் எண் வேறு யாரோ ஒருவருடையது. "தம்பி அக்கவுண்டுண்ணா" என்றார். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் நகலைக்கூட அதுவரை கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் சுதந்திர தின உரையில் பிரதமர் ஜி.எஸ்.டி. குறையப் போவதாகச் சொன்னார். மச்சான் போன் செய்து, கொஞ்சம் பொறுக்கலாமா என்றார். யார்டுக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் காருக்குண்ணா, சரக்கு வண்டிக்கு எவன் கொறைப்பான்?" 18-ஆம் தேதி மூன்று லட்சம் பேங்கிலும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரொக்கமாகவும் கொடுத்தோம். பெயர் மாற்றம், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) செலவு என்று இன்னொரு பதினெட்டாயிரம். செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒன்பது லட்சம் வண்டியில் அது ஏறக்குறைய எழுபதாயிரம் ரூபாய். டிராக்டருக்குக்கூட 12-லிருந்து 5 ஆனது. விலை ஏறும் ஏறும் என்று எங்களை விரட்டியவர் விற்ற ஐந்தாவது வாரத்தில் புது வண்டி விலை இறங்கியது. சரி, அது அவர் குற்றமில்லை. மற்றதெல்லாம் அவர் குற்றம்.

முதல் லோடிலேயே ஒன்று தெரிந்தது. தக்காளி கிரேட்டை இறக்கி வைத்த இடத்தில் தரைத் தகரம் பொத்துக்கொண்டது. தூக்கிப் பார்த்தால் மேலே புதுத் தகரம், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அடியில் பழைய தகரம் துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. ஓசூர் மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார்; குபுகுபுவென்று புகை. "பேக் கம்ப்ரஷன்ண்ணா" என்றார், இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பிரேக் பெடலைக் காலால் காட்டினார். ரப்பர் முழுக்கத் தேய்ந்து நடுவில் இரும்பு பளபளவென்று தெரிந்தது. ஸ்டியரிங்குக்கு மட்டும் புது உறை. "அறுபதாயிரம் ஓடின வண்டியில பெடல் இப்படித் தேயுமா?"

சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டோம். கடைசியாக அங்கே வந்தது 2023-இல். அப்போதே ஓட்டம் 1,41,000. மீட்டரை இறக்கியிருக்கிறார்கள்.

இதை முன்னாலேயே பார்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். சர்வீஸ் கணக்கு கேட்க ஒரு போன் போதும். அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. தேதி வந்துவிடுகிறது. எங்கள் வண்டிக்கு 2026 பிப்ரவரி வரைதான் இருந்தது, வாங்கிய நாளிலிருந்து ஆறே மாதம். எட்டு வயதுவரை சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். அதாவது எங்களுக்கு இனி ஒவ்வொரு வருடமும் அந்தச் செலவு. "பிக்கப்புக்கு பெர்மிட்டே வேண்டாம்" என்று யார்டுக்காரர் சொன்னதும் பாதி உண்மைதான். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. எங்கள் ஆர்.சி.யில் போட்டிருந்தது அதற்கு மேல்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம் என்று நினைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். சரியாக ஒன்பது நாள் கழித்து அத்திப்பள்ளி தாண்டியதும் இரண்டு பைக்கில் நாலு பேர் வந்து வண்டியை மறித்தார்கள். "காடி சைடிகெ ஹாகி" (வண்டியை ஓரமாகப் போடு) என்று கன்னடத்தில் அதட்டல். ஃபைனான்ஸ் ஆட்கள். மூன்று தவணை பாக்கியாம். நாங்கள் வாங்கியது கடன் போடாமல், முழுப் பணமும் கொடுத்து. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு போன் செய்தபோது குரல் நடுங்கியது. "மாமா, திருட்டு வண்டின்னு சொல்றாங்க மாமா." மேலே ஒன்றரை டன் கோஸ். நான் லிங்கராஜபுரத்திலிருந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம். அதற்குள் வண்டியை அவர்கள் யார்டுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். மச்சான் ரோட்டோரம் கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். மூட்டையை இறக்க மட்டும் அனுமதித்தார்களாம், பெரிய மனசு.

விஷயம் இதுதான். வண்டி கடனில் இருந்தது. எங்களிடம் காட்டிய ஆர்.சி. நகலில் கடன் விவரம் இருக்கிற இடம் வெள்ளையாக இருந்தது, அட்டையைக் காட்டவே இல்லை, "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருக்கு" என்றார். கடன் முடிந்ததற்கு ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட ஃபாரம் 35 வேண்டும், பெயர் மாற்ற 29-உம் 30-உம் வேண்டும், வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்.ஓ.சி.க்கு 28. எங்களிடம் இருந்தவை 29-உம் 30-உம் மட்டும், அதிலும் கையெழுத்து தவிர எல்லாம் காலி. பதினெட்டாயிரம் வாங்கினாரே, ஒரு காகிதம்கூட ஆர்.டி.ஓ. வாசலைத் தொடவில்லை.

ஆர்.சி.யில் இருந்த முகவரியை வைத்து பழைய ஓனரைத் தேடிப் போனேன். ராமமூர்த்தி நகரில் தண்ணீர் கேன் போடுகிறவர், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். சண்டை போடத்தான் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "மிச்சத் தவணைய நான் கட்டிடறேன்னு சொல்லித்தாங்க வண்டிய வாங்கிட்டுப் போனான். இப்ப பேங்க்காரன் எனக்குப் போன் பண்றான். வேற லோனே கெடைக்க மாட்டேங்குது." ஒரு நாளைக்குப் பெள்ளந்தூர்வரை ஐந்து நடை ஓட்டியதாகவும் சொன்னார். மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். சிரித்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று சொல்லி அனுப்பினார்கள். 1915-க்கு போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்தேன். வியாபாரத்துக்கு வாங்கியதால் செல்லாது என்று யார்டுக்காரர் மிரட்டிப் பார்த்தார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தப் பிழைப்புக்காக சுயதொழிலில் பயன்படுத்த வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று தெளிவாக இருக்கிறது என்றார் வக்கீல். நோட்டீஸ் போன பிறகு இரண்டு தடவையாக எழுபதாயிரம் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை.

கணக்கு இது. வண்டி 5,65,000. பெயர் மாற்றச் செலவு 18,000. வண்டியை விடுவிக்கக் கட்டிய தவணைப் பாக்கி 41,400. ஹாஃப் இன்ஜின் வேலை, கிளட்ச், தகரம் 73,000. திரும்பி வந்ததைக் கழித்தால் 6,27,400. கடனை முழுசாக முடிக்க இன்னும் 1,32,000 கேட்கிறார்கள். அதைக் கட்டினால்தான் ஃபாரம் 35, அது வந்தால்தான் பெயர் மாற்றம். ஏழரை லட்சத்துக்கு மேல் ஆகிறது, எட்டு வயதான, ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடின வண்டிக்கு.

அந்த யார்டு எது என்று தெரிய வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். வண்டி இப்போது எங்கள் தெருமுனையில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. எஃப்.சி. முடிந்துவிட்டது, அடுத்தவர் பெயரில் இருப்பதால் ரோட்டில் எடுக்கவும் பயம். நேற்றும் கோஸ் லோடு வாடகை வண்டியில்தான் வந்தது. நடைக்கு ஐயாயிரம் ஆக்கிவிட்டார்கள்.